சாயவேர்ப் பாத்தி

துளசிராமுக்கு வேரைத் தெரியும், செடியைத் தெரியாது. மதுரையில் அவர் வயதுச் சாயக்காரர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். அவருடைய அப்பா நாளில் சாயவேர் ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து கட்டுக் கட்டாக வண்டியில் வந்து இறங்கும். குதிரை வால் மயிர் போலக் காய்ந்து கிடக்கும். இடித்து ஊறவைத்துத் துணியை முக்கினால் சுங்குடிச் சேலைக்கு ஒரு சிவப்பு ஏறும். சேலை கந்தலானாலும் அந்தச் சிவப்பு போகாது. பிறகு ஜெர்மன்காரன் அதே சிவப்பைத் தகர டப்பாவில் அடைத்து அனுப்ப ஆரம்பித்தான். டப்பாவைத் திறந்தால் சாயம், மூடினால் வியாபாரம். வேரை அப்புறம் யார் தேடினார்கள்? அதன் தலையில் என்ன இலை இருக்கும், என்ன பூ பூக்கும் என்று எவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் மோதிரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பெண்ணைக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

அப்புறம் சீமையில் சண்டை வந்தது, டப்பா வருவது நின்றது. முனிச்சாலைப் பக்கத்துச் சாயக்காரர்கள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தபோது துளசிராம் மட்டும் வெற்றிலை போட்டுக்கொண்டு யோசித்தார். ஊரில் சிவப்பே இல்லாத நாளில் ஒருவனிடம் மட்டும் சிவப்பு இருந்தால் அவன் சொல்வதுதான் விலை. நாட்டு வைத்தியர் ஒருவரைப் பிடித்து, வெற்றிலை மடித்துக் கொடுத்து, விஷயத்தைக் கறந்தார். சாயவேர் என்பது வைத்தியத்தில் இம்பூறல். தரையோடு தரையாகப் படரும். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வருஷம் மாறினாலும் சாகாது. நாலு இதழில் வெள்ளைப் பூ, அரிசி நொய் அளவு. இவ்வளவும் சொல்லிவிட்டு வைத்தியர் ஒரு குண்டைப் போட்டார். பற்படாகம் என்று இன்னொரு பூண்டு உண்டு, பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கும், பூவை வைத்து ஏமாந்து போகாதீர் என்றார். பிடுங்கி, வேரில் சுண்ணாம்பைத் தேய்க்க வேண்டும். சிவந்தால் இம்பூறல். சிவக்காவிட்டால் கஷாயம் போட்டுக் குடிக்கலாம்.

சுண்ணாம்பு டப்பா எப்போதும் மடியில் இருக்கிற மனிதருக்கு இது பெரிய காரியமா? ஜட்கா வைத்துக்கொண்டு காளவாசல் தாண்டி மேற்கே போனார். நாகமலைப் புதுக்கோட்டை வரைக்கும் ஒரு வெள்ளைப் பூவை விடவில்லை. குனிந்தார், பிடுங்கினார், தேய்த்தார். எல்லாம் பற்படாகம். கரையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த களையெடுக்கிற பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். கூலி பேசிக்கிட்டு எடுங்க மொதலாளி, பெறகு வம்பாப் போகும் என்றாள் ஒருத்தி.

கீழக்குயில்குடிக்கு அப்பால் சமணர் மலை அடிவாரத்தில்தான் அது கிடைத்தது. ஒரு கம்பங்கொல்லை. உழவுசால் நேராக வந்து, நடுவில் ஓரிடத்தில் வளைந்து, மறுபடி நேராகப் போயிருந்தது. அந்த வளைவுக்குள் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு ஏர் படாத தரை. அதில் இண்டு இடுக்கில்லாமல் வெள்ளைப் பூ. அவ்வளவு வெயிலிலும் அந்தத் துண்டு நிலம் மட்டும் அப்போதுதான் குளித்து வந்த மாதிரி இருந்தது. துளசிராம் ஒரு செடியை இழுத்தார். மேலே இரண்டு விரற்கடை செடி, கீழே ஒரு முழம் வேர். சுண்ணாம்பை வைத்து நசுக்கினார். முதலில் மஞ்சள். பிறகு கட்டைவிரல் வெட்டுப்பட்ட மாதிரி சிவந்தது.

“எங்க தொட்டுக்கிட்டு இருக்கீங்க மொதலாளி?”

நிலத்துக்காரன் பின்னால் நின்றான். பெயர் பேயாண்டி. ஆள் பெயருக்கு நேர்மாறு, பச்சைக் குழந்தையைப் போல முகம்.

“உழாத எடமா இருக்கேன்னு பார்த்தேன், அண்ணே” என்றார் துளசிராம். தன்னைவிட இளையவனையும் அண்ணே என்று கூப்பிடுவது வியாபாரத்தில் பாதி.

“உழ மாட்டோம். எம் மக படுத்திருக்கா.”

இருளாயி என்று பெயர். எட்டு வயதில் அம்மை போட்டுப் போய்விட்டாளாம். கல்யாணம் காணாமல் போன பெண் அவர்களுக்கு வீட்டுத் தெய்வம், கன்னி. அவளுக்கென்று வீட்டில் ஒரு ஓலைப்பெட்டி, பெட்டிக்குள் ஒரு சிற்றாடை, வருஷத்துக்கொரு பொங்கல். புதைத்த மறு மழைக்கு இந்தப் பூ தானாக முளைத்தது, யாரும் விதைக்கவில்லை என்றான் பேயாண்டி.

துளசிராம் உச்சுக் கொட்டினார். மனசார உச்சுக் கொட்டுகிறவர்தான். ஆனால் வாய் உச்சுக் கொட்டும்போதே கை தோளிலிருந்து துண்டை எடுத்துவிட்டது. மாட்டுத் தரகர்கள் செய்கிற மாதிரி துண்டை விரித்து, அதற்குள் பேயாண்டியின் விரல்களைப் பிடித்தார். செடி வேண்டாம், வேர் வேண்டாம், விதை மட்டும் போதும், என்ன விலை? பேயாண்டி கையை வெடுக்கென்று உருவிக்கொண்டான். இதுக்குப் போயி துண்டு போட்டுப் பேசலாமா என்று கேட்டான். விதைதானே, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள், செடியை மட்டும் தொடாதீர்கள் என்றான்.

திரும்பி வரும்போது ஜட்காவில் துளசிராமுக்கு ஏதோ சங்கடமாகவே இருந்தது. விலை சொல்லாத சரக்கை அவர் வாங்கியதில்லை. ஒரு விலை சொல்லி, இன்னொரு விலை கேட்டு, இரண்டு பேரும் கொஞ்சம் கோபித்து, கடைசியில் சிரித்தால்தான் அது தன் சரக்கு. சும்மா வந்தது எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகும்.

இம்பூறல் விதையைக் கையில் பிடிக்க முடியாது. காய் வெடித்தால் புகை மாதிரி தூசு, அது மண்ணோடு மண்ணாய்ப் போய்விடும். ஆகவே விதை வேண்டுமென்றால் மேல்மண்ணைத்தான் சுரண்டி எடுத்து வர வேண்டும். பேச்சு விதைக்குத்தான், விதை மண்ணில் இருந்தால் மண்ணும் அந்தப் பேச்சுக்குள் அடக்கம் என்று துளசிராம் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்.

காய் உதிர்கிற பருவம் பார்த்து, உச்சிவேளையில் போனார். பேயாண்டியும் அவன் பெண்சாதியும் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். இடுகாட்டு மண்ணைச் சும்மா அள்ள அவருக்கு மனம் வரவில்லை. வெறுங்கையோடு யார் வாசலிலும் ஏறாத குடும்பம். ஒரு தேங்காய் உடைத்தார், சூடம் கொளுத்தினார். செடியை ஒதுக்கி, கொட்டாங்கச்சியால் மேல்மண்ணைச் சுரண்டி, கடையிலிருந்து கொண்டு வந்த புது மஞ்சள் துணியில் கொட்டி முடிந்தார். புதுச் சரக்கு கடைக்குள் வரும்போது சொல்கிற வார்த்தை வழக்கம்போல வாயில் வந்தது.

“வாம்மா, நம்ம வீட்டுக்கு வா. மகராசியா வந்து தழைச்சிரு.”

அவர் வீட்டில் ஒவ்வொரு மூட்டைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். மூட்டை பதில் சொன்னதில்லை.

வீட்டின் பின்கட்டில், சாயத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் பாத்தி கட்டினார். வைகை மணலைக் கொண்டு வந்து பரப்பி, எருப் போடாமல், மஞ்சள் துணி மண்ணை மணலோடு கலந்து தூவினார். மூடவில்லை; மூடினால் முளைக்காது. தண்ணீரை ஊற்றவும் கூடாது, விதை அடித்துக்கொண்டு போய்விடும். பனையோலையை நனைத்து உதற வேண்டும், சாமிக்குத் தீர்த்தம் தெளிக்கிற மாதிரி. இந்த வேலையை மனைவி லலிதாம்பாளிடம் ஒப்படைத்தார்.

லலிதாம்பாள் சுங்குடிக்கு முடிச்சுப் போடுவதில் தெருவிலேயே கெட்டிக்காரி. துணியை நகத்தால் கிள்ளி நூலைச் சுற்றி முடிந்து சாயத்தில் முக்கினால், முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஆயிரம் புள்ளி வைத்தாலும் அவள் வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கும். அதிகம் பேச மாட்டாள். அவளுக்கு ஒரு குழந்தை பிறந்து, பெயர் வைக்குமுன் போய்விட்டது. கூடத்து உத்தரத்தில் தொட்டில் கொக்கி மட்டும் மிச்சம். புருஷன் ஓலையைக் கையில் கொடுத்ததும், பயிர் வேலைக்கு ஆள் வேண்டுமென்றுதான் என்னைக் கட்டினீர்களா என்று, வீட்டுக்குள் மட்டும் பேசுகிற தங்கள் பாஷையில் கேட்டாள். கேட்டுவிட்டு ஓலையை வாங்கிக்கொண்டாள்.

வெகு நாள் வெறும் மணல். பிறகு ஒரு காலையில் மணலுக்குப் பச்சைப் பாசி பிடித்த மாதிரி தெரிந்தது. குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு செடி. லலிதாம்பாள் அன்றைக்குச் சிரித்தாள். துளசிராமுக்கு ஞாபகம் இல்லாத ஒரு சிரிப்பு.

பூக்க ஆரம்பித்த பிறகுதான் முடிச்சு விஷயம் தொடங்கியது. மத்தியானம் சாப்பிட எழுந்து போகும்போது பாதி முடிந்த துணியைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போவாள் லலிதாம்பாள். திரும்பி வந்தால் வரிசை முடிந்திருக்கும். சின்ன விரல் போட்ட முடிச்சு, கொஞ்சம் கோணல். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ஒரு முடிச்சு வரிசையை விட்டு வெளியே தள்ளி நிற்கும், தாய்க்கோழியை விட்டுப் போன குஞ்சு மாதிரி. வேலைக்கு வருகிற பெண்களைக் கேட்டால் ஒருவரையொருவர் கையைக் காட்டினார்கள். துளசிராம் சிரித்தார். கூலி கேட்காமல் முடிச்சுப் போடுகிறவர்கள் யாராக இருந்தாலும் விரட்டாதே என்றார். சிவப்புத்தான் இல்லை, நீலம் இருந்தது. நீலத்தில் முக்கி அவிழ்த்தபோது அந்தத் தனிப் புள்ளி வானத்தில் ஒற்றை நட்சத்திரம் மாதிரி நின்றது. சேலைகள் போட்ட வேகத்தில் விற்றன. வாங்க வந்த பெண்கள், அந்தத் தள்ளி நிற்கிற புள்ளி வைத்த சேலைதான் வேண்டுமென்று கேட்டு வாங்கினார்கள்.

இலாபம் வருகிறபோது மனிதன் பயப்படுவதைத் தள்ளிப் போடுவான். துளசிராமும் தள்ளிப் போட்டார். வேரைத் தோண்ட இரண்டாவது தை வரவேண்டும். அதுவரை பொறுத்தால் போதும் என்று இருந்தார். முதல் நாள் பட்ட சிவப்பு அவருடைய கட்டைவிரலிலிருந்து போகவே இல்லை. புளி போட்டுத் தேய்த்தார், சீயக்காய் போட்டுத் தேய்த்தார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

ஒருநாள் கடையில் கூட்டமில்லாமல் உச்சிக்கே வீட்டுக்கு வந்தார். பின்கட்டில் லலிதாம்பாள் பாத்தி ஓரமாக மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெயில் நேர் மேலே. அவள் விரல்கள் மடிக்கு மேலே எதையோ மூன்று புரியாகப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தன. வலது புரியை இடது புரிக்கு மேல் போட்டு, இழுத்து, மறுபடி பிரித்து. கை பழகிய வேகம், ஓர் இழை தவறவில்லை. மடியில் ஒன்றும் இல்லை. புடவை மட்டும் ஒரு தலை சாய்ந்த அளவுக்குப் பள்ளமாக அமுங்கியிருந்தது.

அவர் கூப்பிட்டார். அவள் திரும்பினாள். பேசினது தங்கள் பாஷையில் இல்லை. காய்கறிக்காரியோடு பேசுகிற அவளுடைய வழக்கமான தமிழும் இல்லை.

“சடை பின்னி முடியட்டும், இந்தா வாரேன். கம்மங்காட்டுல குருவி வெரட்டணும், அப்பன் வையும்.”

லலிதாம்பாள் கம்மங்காட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் கோயிலைச் சுற்றிய நாலு தெருவுக்குள். கம்பு அவளுக்குக் கடையில் படியில் அளந்து போடுகிற தானியம்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து இலை போட்டாள். என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, சாதம் போடுகிறேன் என்றுதானே சொன்னேன் என்றாள். இரண்டு இலை போடுகிற இடத்தில் மூன்று இலை போட்டாள். அவர் சாப்பிடும்போது கூடத்துக் கொக்கி மெதுவாக ஒரு பக்கம் ஆடி நின்றது. காற்று இல்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு கணக்கு மாறிக்கொண்டே வந்தது. லலிதாம்பாள் முன்னைவிட அதிகம் சிரித்தாள், முன்னைவிடக் குறைவாகச் சாப்பிட்டாள். தெருவில் யாரோடும் பேச்சில்லை. முடிச்சுப் போடுவதை விட்டுவிட்டாள். அது தானாக நடந்தது. பாத்திக்குப் பக்கத்தில் இருந்தால் உயிரோடு இருப்பாள், கூடத்துக்கு வந்தால் வாடிப் போவாள். கைவளையல் முழங்கை வரை ஏறியது. செடி வேரைக் கீழே கீழே விடவிட இவள் மேலே மேலே காய்ந்தாள். துளசிராம் இரவில் தூங்காமல் இதையே நினைத்தார். செடி கையை விட்டுப் போனால் சிவப்பு போகும். செடி இருந்தால் லலிதாம்பாள் போய்விடுவாள். இந்தத் துண்டுக்குள் அவர் யாருடைய விரலைப் பிடிப்பது?

காத்திருந்த இரண்டாவது தை பிறந்ததும் மண்வெட்டியோடு பின்கட்டுக்கு வந்தார். வேரைத் தோண்டிவிட்டால் சிவப்பும் கிடைக்கும், பீடையும் போகும் என்று ஒரே கல்லில் இரண்டு காரியம் பார்க்க நினைத்தார். லலிதாம்பாள் பாத்தியில் குறுக்கே படுத்துக்கொண்டாள். கத்தவில்லை, அழவில்லை. பூக்கள் அவள் விலாவுக்குக் கீழே நசுங்காமல் இருக்க ஒரு கையை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

“என்னையும் சேர்த்து வெட்டுங்க” என்றாள்.

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் கடைக்குப் போனார். அன்றைக்கு வந்த யாரிடமும் அவர் பேரம் பேசவில்லை. கேட்ட விலைக்குக் கொடுத்தார். தெருவே அதைப் பேசிக்கொண்டது.

சித்திரைத் திருவிழா முடிந்து ஊர் ஓய்ந்திருந்த ஒரு முற்பகலில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வளர்த்த காதில் தண்டட்டி, தோளில் மடித்த நீலச் சுங்குடி. அவளுக்குப் பின்னால் தெருவில் இரண்டு கூடைகளோடு பேயாண்டி, தலையைக் குனிந்தபடி. இவள் அவனுடைய பெண்சாதி ஒச்சாயி.

அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தில் தனக்கு முன்னால் நின்றவளின் முதுகைப் பார்த்தாளாம் ஒச்சாயி. நீலச் சேலை, வரிசை வரிசையாகப் புள்ளி, ஒவ்வொரு வரிசைக்கும் வெளியே ஒரு புள்ளி. இருளாயி கோலம் போட்டால் அப்படித்தான் வைப்பாள். ஏன்டி கோணலா வைக்கிற என்று கேட்டால், அது நான், வெளிய வெளையாடப் போயிருக்கேன் என்பாள். ஒச்சாயி அந்த அம்மாளின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எங்கே வாங்கியது என்று தெரிந்துகொண்டு, கடை கடையாக விசாரித்து, அதே மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். துளசிராம் வேரில் சுண்ணாம்பு தேய்த்துச் செடியைக் கண்டுபிடித்த மாதிரி, அவள் புள்ளியைப் பார்த்து மகளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

பின்கட்டுக்குள் வந்தாள். பாத்தியைப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த லலிதாம்பாளைப் பார்த்தாள். சாயத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்க இருந்த செடியும் கருகிப்போச்சு, புல்லுகூட மொளைக்கல மொதலாளி. ரெண்டு மழை பெஞ்சும் மொளைக்கல. பெட்டியத் தெறந்தா சிற்றாடை கெடக்கு, ஆனா அவ இல்லாம வெறும் பெட்டியா இருக்கு. எப்ப வந்து மண்ணெடுத்தீக?”

அவர் சொன்னார். பேயாண்டி அனுமதி கொடுத்தது விதைக்குத்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

“சூடம் கொளுத்துனீகளா?”

“கொளுத்தினேன்.”

“எதுல முடிஞ்சீக?”

“புதுத் துணி. மஞ்சள்.”

“வாயால என்ன சொன்னீக?”

வா, நம்ம வீட்டுக்கு வா என்று சொன்னதைச் சொன்னார். கடை வழக்கம் அம்மா அது, எல்லாச் சரக்குக்கும் சொல்வது என்று சேர்த்துக்கொண்டார்.

ஒச்சாயி சிரிக்கிற மாதிரி மூச்சு விட்டாள். தங்கள் பக்கத்தில் ஒரு சாமியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் சிலையைத் தூக்குவதில்லை, ஒரு பிடி மண்ணைத்தான் எடுப்பார்கள் என்று விளக்கினாள். சூடம் காட்டி, மஞ்சள் துணியில் முடிந்து, வா என்று கூப்பிட்டால் சாமி கூட வந்துவிடும். பிடிமண் என்பது அதுதான். அவள் ஊர்ப் பூசாரியே நாள் பார்த்து, பயந்து செய்கிற காரியத்தை இவர் ஒரு குறையும் வைக்காமல் செய்திருக்கிறார்.

“சின்னப் புள்ள மொதலாளி. யாரு பிரியமாக் கூப்புட்டாலும் போயிருவா.”

துளசிராம் பேரத்தை ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பாதி மண்ணை எடுத்துக்கொள்ளட்டும். வருஷா வருஷம் பொங்கலுக்குத் துணி இவர் செலவு. அங்கே ஒரு மேடை கட்டித் தருகிறேன் என்றார். ஒச்சாயி கேட்டுக்கொண்டிருந்தாள், கடைசி வரை கேட்டாள். பிறகு, பிள்ளையைப் பாதி பிரிக்கிற வழக்கம் உங்கள் பக்கம் உண்டா என்று கேட்டாள்.

லலிதாம்பாள் எழுந்து வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தவளை ஒச்சாயி ஏற இறங்கப் பார்த்தாள்.

“தலை சீவி விடுறியா தாயி, அவளுக்கு?”

லலிதாம்பாள் தலையாட்டினாள். “இடது பக்கம் ஒரு சுழி இருக்கு, அக்கா. வகிடு நிக்க மாட்டேங்குது.”

ஒச்சாயியின் முகம் அப்போதுதான் உடைந்தது. சுழி இருந்தது உண்மை. இரண்டு பெண்களும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒச்சாயி அவள் கையைத் தூக்கி, முழங்கைக்கு ஏறிய வளையலை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டாள். அது மறுபடி முழங்கைக்கே சரிந்தது.

“பாரு. இது அவளுக்குத் தெரியாது. கேட்டதையெல்லாம் குடுத்தா குடிச்சுக்கிட்டே இருப்பா. வெளையாட்டுப் புள்ள. உன்னையும் அங்கிட்டுக் கூட்டிக்கிட்டுப் போயிரும்.”

லலிதாம்பாள் பாத்தியை விட்டு விலகி நின்றாள்.

பேயாண்டி கூடைகளோடு உள்ளே வந்தான். புருஷனும் பெண்சாதியும் செடியை வேரோடு, வேரை மண்ணோடு வெட்டி எடுத்தார்கள். பாத்தி மணலைக் கடைசிப் பிடி வரை வழித்தார்கள். ஒரு முழத்துக்கு நீண்ட சிவந்த வேர்கள் கூடைக்குள் மடங்கின. இரண்டு வருஷத்துச் சிவப்பு துளசிராமின் கண்ணெதிரே போயிற்று. அவர் ஒரு வேரைக்கூட விலை கேட்கவில்லை.

புறப்படுமுன் ஒச்சாயி அவரிடம் வந்தாள். கூப்பிட்டவர் வாயால் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கூடை கனக்கும், எல்லை தாண்டாது என்றாள். ஒரே சொல், போ என்று சொல்ல வேண்டும். வேறு எதையும் கூடச் சேர்க்கக் கூடாது.

துளசிராம் கடையில் உட்கார்ந்து முப்பது வருஷம் ஆகிறது. வாங்காமல் போகிறவனுக்கும், வைதுவிட்டுப் போகிறவனுக்கும் அவர் ஒருமுறைகூடப் போ என்று சொன்னதில்லை. லலிதாம்பாள் தூணைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையில் நசுங்காமல் மேலாக இருந்த ஒரு வெள்ளைப் பூ ஆடிக்கொண்டிருந்தது.

“போயிட்டு வா, தாயே” என்றார்.

நாக்கு பழக்கத்தில் புரண்டதா, வேண்டுமென்றே சொன்னாரா என்பது அவருக்கே தெரியாது. ஒச்சாயி சட்டென்று அவரைப் பார்த்தாள். திருத்திச் சொல்லச் சொல்லவில்லை. கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அன்று சாயங்காலம் கை கழுவும்போது கட்டைவிரல் வெளுத்திருந்தது.

லலிதாம்பாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். சாதம் தின்றாள், தெருப் பெண்களோடு சண்டை போட்டாள், வளையல் மணிக்கட்டுக்கு இறங்கியது. மறுபடியும் முடிச்சுப் போட உட்கார்ந்தாள். நூல் பிடித்த வரிசை. வெளியே ஒன்றும் தள்ளவில்லை. அந்தப் புள்ளிச் சேலை இல்லையா என்று கேட்டு வந்தவர்களுக்கு, அதைப் போட்ட பிள்ளை ஊருக்குப் போய்விட்டாள் என்று துளசிராம் சொன்னார். கீழக்குயில்குடியில் பூ வந்துவிட்டதென்று பேயாண்டி சொல்லி அனுப்பினான். வீடு அமைதியாக இருந்தது. கொக்கி ஆடவில்லை. உச்சிவேளையில் கடையை விட்டு வீட்டுக்கு வருகிற வழக்கம் மட்டும் துளசிராமுக்கு ஒட்டிக்கொண்டது. எதற்கு வருகிறோம் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. கூடத்தில் உட்கார்ந்து மேலே பார்ப்பார். பின்கட்டு வாசற்படியில் ஒரு துண்டு வெல்லத்தை வைப்பார். எறும்பு தின்னும்.

ஐப்பசி மழை விட்ட பிறகு, சாயத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், காரை பெயர்ந்த வெடிப்பில் ஒரு பச்சை தெரிந்தது. இரண்டு விரற்கடை உயரம். பிறகு பூத்தது. நாலு இதழ், வெள்ளை, அரிசி நொய் அளவு.

துளசிராம் குந்தி உட்கார்ந்தார். பற்படாகமாகவும் இருக்கலாம். மழைக்கு ஊரெல்லாம் முளைக்கிற பூண்டு, குருவி எச்சத்தில் எங்கே வேண்டுமானாலும் வரும். பூவை வைத்து ஏமாந்து போகாதீர் என்று வைத்தியர் அன்றைக்கே சொன்னார். தெரிந்துகொள்ள வழி ஒன்றுதான். மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்துத் திறந்தார். இன்னொரு கையால் செடியின் கழுத்தைப் பிடித்தார். இலேசாக இழுத்தால் போதும், வெடிப்பில் மண்ணே இல்லை, உடனே வந்துவிடும்.

உள்ளே தாழ்வாரத்தில் லலிதாம்பாள் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. அவள் எழுந்து வந்து வாசலில் நிற்பது அவருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

“என்ன அது?” என்றாள்.

“பற்படாகம்” என்றார். “கஷாயத்துக்கு ஆகும்.”

அவள் அங்கேயே நின்றாள். செடியைப் பிடித்திருந்த விரல்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். டப்பாவை மூடி மடியில் செருகினார். அவருடைய நிழல் அதன் மேல் விழுந்திருந்தது. வெயில் படட்டும் என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். லலிதாம்பாள் உள்ளே போய்ப் பனையோலையை நனைத்து எடுத்து வந்தாள்.